பிரிக்பீல்ட்ஸ் டீயும் ஆறு எச்சில் குழாய்களும்

என் மனைவி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். இதை நான் யாரிடமும் அடக்கமாகச் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. நான் கிள்ளான் துறைமுகத்துக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவள் நாற்பதைத் தாண்டி, இரண்டு பிள்ளைகளையும் டியூஷனுக்கு ஏற்றி இறக்கிக்கொண்டே படித்தாள்.

மன அழுத்தம் உடம்பை என்ன செய்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பதற்றம் வந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அதன் பின்னாலேயே மூளை தானே ஒன்றைத் தயாரித்து நம்மைத் தணிக்கப் பார்க்குமாம். அந்த வகைக்கு நியூரோஸ்டீராய்டு என்று பெயர். வருஷக்கணக்கில் ஷிஃப்டு மாறி மாறி உழைப்பவர்களுக்கு அந்தத் தணிப்பு குறைந்துவிடுகிறதா என்று அவள் பார்க்க வேண்டும். சோறு போடும்போது விளக்குவாள். பாதி புரியும், மீதிக்குத் தலையாட்டுவேன்.

ஷிஃப்டு ஆட்கள் வேண்டும் என்றதும், "எங்க ஆளுங்க இருக்காங்க" என்று மார்தட்டினேன். ஒரு சனிக்கிழமை மதியம் ஆறு பேர் ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தார்கள். வேனில் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குப் புறப்பட்டேன். அவள் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து வெறும் தண்ணீர் தவிர வாயில் எதுவும் படக்கூடாது. ஆனால் எனக்காக வந்தவர்களை ஒரு டீகூட வாங்கிக் கொடுக்காமல் எப்படிக் கூட்டிப்போவது? நம் ஆட்களில் யாருக்கு அதற்கு மனசு வரும்? கோலாலம்பூருக்குள் நுழைந்ததும் பிரிக்பீல்ட்ஸில் வண்டியை ஓரங்கட்டி, நுரைக்க ஆற்றித் தரும் பால் டீயான தே தாரேக் ஆளுக்கொன்று சொன்னேன். ஒரு கிளாஸ் டீயில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன்.

பதற்றத்தை வரவழைக்க, சோதனை அறையில் சிரிக்கவே சிரிக்காத மூன்று பேர் முன்னால் நின்று பேச வேண்டும், மனக்கணக்குப் போட வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் எச்சிலைக் குழாயில் பிடிப்பார்கள். எல்லாம் முடிந்து வெளியே வந்த ஒருவன் என் மனைவியிடம், "உள்ள வேர்த்து ஊத்திருச்சு அண்ணி. நல்லவேளை, வர்ற வழியில அண்ணே டீ வாங்கிக் குடுத்தாரு லா" என்றான்.

அவள் முகம் செத்துவிட்டது. ஆட்கள் வேனில் ஏறும்வரை பொறுத்திருந்து, "எச்சில்ல பாலும் சீனியும் கலந்தா அளவே தப்பாயிடுங்க" என்றாள்.

"யாருக்குத் தெரியப்போவுது? எழுதிட்டுப் போ."

"எனக்குத் தெரியுமே."

ஆறு பேரின் குழாய்களையும் ஒதுக்கிவிட்டாள். அதே ஆட்களை மறுபடி கூப்பிடவும் முடியாது. ஒருமுறை பார்த்துவிட்டவனுக்கு அந்தப் பயம் அப்படியே திரும்ப வராதாம். பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கெடுவோ நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஆள் சேராவிட்டால் அத்தனை வருஷப் படிப்பும் வீண். என் புத்தியை நானே திட்டிக்கொண்டு, காப்பார், சுங்கை வே என்று ஊர் ஊராக மோட்டார் சைக்கிளில் அலைந்து, புதிதாக ஆறு பேரைப் பிடித்தேன். அவர்களுக்குத் தண்ணீர் மட்டும்தான் கொடுத்தேன்.

கடைசித் தேர்வு அன்று மூன்று பேராசிரியர்கள் முன்னால் அவள் உட்கார வேண்டும். நான் லீவு போட்டுவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒதுக்கிவிட்டதாக அவள் எழுதியிருந்த அந்த ஆறு பேரைப் பற்றிக் கேட்பார்களோ என்று மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கார்ட்டிசோலை அப்போது அளந்திருந்தால் குழாய் வழிந்திருக்கும்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். "பாஸ்" என்றாள். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அந்த ஆறு பேரக் கேட்டாங்களா?"

"மொதக் கேள்வியே அதுதாங்க. டீ குடிச்சிருந்தாங்க, அதனால சேர்க்கலன்னு சொன்னேன். எப்படி நடந்துச்சுன்னு கேட்டாங்க. ஆளுங்களப் பாத்துக்க வேண்டியது நான், என் தப்புன்னு சொல்லிட்டேன்."

பட்டம் கையை விட்டுப் போயிருக்கக்கூடிய இடத்தில்கூட அவள் என்னைக் கைகாட்டவில்லை. கார் நிறுத்துமிடத்துக்கு வந்து வண்டியில் ஏறினேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெருமையில்தான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் வேலையிடத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, என் பெண்டாட்டி டாக்டர் ஆன கதையை முழுசாகச் சொன்னேன். டீ யார் தப்பு என்பதையும் சேர்த்துத்தான்.