யோகமக்கா மலையை வலம் வந்த நாள்

யோகமக்காவோடை மலைக்குப் போறதெண்டால் பொறுமை வேணும். எனக்கு அது கிடையாது.

அக்கா ஜேர்மனியிலை, கெல்சென்கிர்ச்சன் நகரத்திலை ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கிறவ. பிள்ளையளும் வாத்திமாரும் வீட்டை போனாப்பிறகுதான் அவவின்ரை வேலை தொடங்கும். எங்கடை நடைச் சங்கத்திலையும் கடைசி ஆளாய்த்தான் வருவா. "ஒருக்காலெண்டாலும் நான் முன்னுக்குப் போகவேணும், மக்டலீன்" எண்டு என்னட்டைச் சொல்லுவா. சொல்லிப்போட்டு வெக்கப்படுவா.

2006 புரட்டாதியிலை சங்கத் தலைவர் பிரிங்மன் வரைபடத்தை அக்காவின்ரை கையிலை குடுத்தார். சவர்லாந்திலை ஒரு மொட்டை மலை. மேலை ஊதாப் பூப் பத்தையும் காத்தும்தான். வட்டமாய் நடந்து, அடிவாரத்துச் சாராயக்கடையிலை சூப்போடை முடிக்கவேணும். ஒழுங்காய்க் கூட்டிக்கொண்டு வந்தால் இனி அக்காவும் ஒரு வழிகாட்டி எண்டார். வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வாறதுக்கு ஏன் நடக்கிறியள் எண்டு என்ரை மனுசன் இண்டைக்கும் கேக்கிறார்.

அம்புக்குறி ஒரு பக்கம் காட்ட, அக்கா மற்றப் பக்கம் திரும்பினா.

"அக்கா, பிழையான பக்கம்."

"உச்சியிலை சிலுவை நிக்குது. சாமியை ஆரும் இடமாய்ச் சுத்துவினமே? அது சுடலையிலை."

"சிலுவைக்கு வலமும் இல்லை, இடமும் இல்லை. நான் வேதக்காரி, எனக்குத் தெரியாதே?"

"சாமியெண்டால் சாமிதான். நட பிள்ளை."

பிரிங்மன் முகத்தைச் சுழிச்சுக்கொண்டு பின்னாலை வந்தார்.

வினை மேலைதான் வந்தது. வெள்ளைப் புகார் மூட்டமாய் இறங்கி ஒண்டும் தெரியேல்லை. வழிக்கட்டையளிலை குறியெல்லாம் எதிர்ப்பக்கத்தாலை வாறவைக்குத்தான் பூசிக் கிடந்தது. எங்களுக்கு வெறுங்கட்டை. "வரைபடத்தைத் தாங்கோ" எண்டு பிரிங்மன் கையை நீட்டினார். அக்கா குடுக்கேல்லை, முகம் மட்டும் செத்துப்போச்சு. அவவிலை எனக்கு வந்த கோவமெல்லாம் அந்த மனுசனிலை திரும்பிச்சுது.

அக்கா ஒரு கட்டையைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பாத்தா. அங்கை குறி கிடந்தது. அதுக்குப் பிறகு கேக்கவேணுமே? கட்டைக்குக் கட்டை நாங்கள் எல்லாரும் கழுத்தைத் திருப்பித் திருப்பி நடந்தம். பிரிங்மன் கடைசியிலை முழுசாய்த் திரும்பிப் பின்பக்கமாயே நடந்து, பத்தைக்குள்ளை பொத்தெண்டு குந்தினார். அக்கா ஓடிப்போய்க் கை குடுத்தா. எழும்பினவர் தன்ரை காற்சட்டையைத் தடவிப் பாத்தார். பத்தையிலை கிடந்த காட்டுப்பழமெல்லாம் நசுங்கி, பின்பக்கமெல்லாம் பழச்சாறு. அந்த ஆள் சிரிச்சு நான் அண்டைக்குத்தான் கண்டன். பிறகு அடிவாரம் மட்டும் அவர் வரைபடத்தைக் கேக்கேல்லை.

கடை வாசலிலை அக்கா தன்ரை பழக்கத்துக்குக் கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு ஒதுங்கி நிண்டா. ஒருத்தரும் அசையேல்லை. பிரிங்மன் அவவின்ரை கையிலையிருந்து கதவை வாங்கிப் பிடிச்சார்.

"வழிகாட்டிதான் முதல்" எண்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பாத்தா. கண் நிறைஞ்சு போச்சு. எனக்கும்தான், ஆனால் பசி வேறை.

"போங்கோவன் அக்கா" எண்டு முதுகிலை ஒரு தள்ளுத் தள்ளினன். அவ போனா. நாங்கள் எல்லாரும் அவவுக்குப் பின்னாலை போனம்.