யாகப்பரின் ஆறாவது குப்பி

பேசாலை யாகப்பருக்குக் கடலில் பயமே கிடையாது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏனென்றால் அவரே எல்லோருக்கும் சொல்லியிருந்தார். பதினேழு வயதில் கடலுக்குப் போகத் தொடங்கியவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு. வாய் நிறைய வெற்றிலையோடு அவர் கரையில் நின்று கதை தொடங்கினால், வலையிலிருந்து மீன் கழற்றுகிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

அதனால்தான் டொக்டர் நவரத்தினம் படகு தேடி வந்தபோது ஊர் அவரைக் கைகாட்டியது. கிருஷிகா என்று வவுனியாப் பிள்ளை ஒருத்தி, தலைமன்னாரிலிருந்து கீரிக் கடற்கரை வரைக்கும், பேசாலை இருக்கிற தீவின் வடகரையோரமாக நீந்தப் போகிறாள். பத்து மணித்தியாலமாவது எடுக்கும். அவ்வளவு நேரம் மனம் படுகிற பாட்டுக்கு உடம்பு என்ன பதில் சொல்கிறது என்பதுதான் டொக்டருடைய ஆராய்ச்சி. இறங்க முன்னமும், பிறகு மணிக்கொரு தடவையும் அவளுடைய எச்சிலை எடுத்துச் சோதிப்பார்.

"மனம் பதறினா உடம்பு கோர்ட்டிசோல் எண்டு ஒண்டைச் சுரக்கும், ஐயா. அது எச்சில்ல தெரியும். உங்கட எச்சிலும் வேணும்."

"என்ரையோ? நான் நீந்தயில்லையே!"

"அதுதான். அதே கடல், அதே வெயில், ஆனா கஷ்டமில்லாமல் இருக்கிற ஒராள். ஒப்பிட்டுப் பாக்க."

கஷ்டமில்லாமல் இருக்கிற ஆள்! யாகப்பருக்கு நெஞ்சு ஒரு சாண் அகன்றது. ஆனால் வெற்றிலை கூடாது என்று டொக்டர் சொன்னதும் அந்தச் சாண் சுருங்கியது. முதலில் வீட்டில் சும்மா இருக்கிற ஒரு நாளிலும் அதே மணிக் கணக்கில் குப்பிக்குள் துப்ப வேண்டும். அன்றைக்கு முழுதும் வெறும் வாயோடு முற்றத்தில் நடந்து திரிந்தவரைப் பார்த்து மனைவி லூர்தம்மா சிரித்த சிரிப்பு அடுத்த வளவுக்கும் கேட்டது.

மார்ச் மாதத்து விடியலில், கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. கிருஷிகா மணலில் குந்தியிருந்து விடாமல் கொட்டாவி விட்டாள், விரல்கள் நடுங்கின. பிள்ளை இரவு நித்திரை கொள்ளவில்லையாக்கும் என்று யாகப்பர் நினைத்தார். தண்ணீரில் இறங்கிய பிறகு அந்த நடுக்கத்தைக் காணவில்லை. ஒரே சீராகக் கை போட்டாள்.

அவளை யாரும் தொடக்கூடாது. தொட்டால் நீச்சல் கணக்கில் வராது. வாழைப்பழமும் தண்ணீரும் நீண்ட தடியின் நுனியில் போகும். வாயை நல்ல தண்ணீரில் கொப்பளித்து, கொஞ்சம் பொறுத்து, பஞ்சுத் துண்டைச் சப்பித் தடியிலேயே திருப்பி அனுப்புவாள். டொக்டர் அதைக் குப்பியில் போட்டு, ஐஸ் நிரம்பிய, குளிர் காக்கும் றெஜிபோம் பெட்டிக்குள் அடுக்குவார்.

ஐந்தாவது மணி தாண்டும்போது அவள் நின்றுவிட்டாள். உப்பில் உதடு வீங்கியிருந்தது.

"எனக்கு ஏலாது. ஏத்துங்கோ!"

யாகப்பர் பாய்ந்து எழும்பினார். டொக்டர் அவருடைய கையைப் பிடித்தார். "மூண்டு தரம் கேட்டால்தான் ஏத்த வேணும் எண்டு அவவே சொன்னவ."

"ஏத்துங்கோ அங்கிள்!" இரண்டாவது தரம். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து அழுதாள். பழத்தைத் திட்டினாள், டொக்டரைத் திட்டினாள், கடலையும் திட்டினாள். பிறகு அந்தப் பழத்தையே தின்றுவிட்டு, திரும்பக் கை போட்டாள். மூன்றாவது தரம் கேட்கவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் காற்று எழும்பியது. டொக்டர் குனிந்து குப்பிகளில் எண் எழுதிக்கொண்டிருந்தார். யாகப்பர் திரும்பிப் பார்த்தபோது அவள் தலையைக் காணவில்லை. வலப்பக்கம் இல்லை. பின்னால் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. படகுக்கு அடியில் போயிருந்தால்? சட்டென்று எஞ்சினை நிறுத்தினார். அந்தோனியாரே என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த கணம் இடப்பக்கத்து அலையில் சிவப்புத் தொப்பி எழும்பியது. நீரோட்டம் அவளைப் படகின் மற்றப் பக்கம் கொண்டுபோயிருந்தது, அவ்வளவுதான்.

இருபது நிமிடம் கழித்து, "ஐயா, நேரம். துப்புங்கோ," என்றார் டொக்டர், ஒன்றும் அறியாமல். அவள் பின்தங்கியதால்தான் எஞ்சின் நின்றதென்று நினைத்திருந்தார்.

யாகப்பருக்குத் துப்ப இன்னும் எச்சில் ஊறவில்லை. "வெயில் சரியான வெயில்," என்று சொல்லி மெல்ல மெல்ல ஆறாவது குப்பியை நிரப்பினார்.

பத்து மணித்தியாலம் நாற்பது நிமிடத்தில் கீரியில் கரையேறிய கிருஷிகா, மணலில் தவழ்ந்தபடி சிரித்தாள். அன்று பின்னேரம் யாகப்பர் சொன்ன கதையில் அந்த ஒரு நிமிடம் மட்டும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து டொக்டர் கடதாசிகளோடு வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளைக்கு இறங்க முன்னம்தான் கோர்ட்டிசோல் ஆகக் கூட. தண்ணிக்குள்ள குறைஞ்சு, அழுத நேரம் கொஞ்சம் ஏறி, திரும்ப இறங்கியிருக்கு. ஆனா உங்கட ஆறாவது குப்பிதான், ஐயா, எல்லாத்திலயும் பெரிசு."

"அது வெத்திலை இல்லாத கவலை, டொக்டர்."

"வீட்டில இருந்த அண்டைக்கும் வெத்திலை இல்லையே. அண்டைக்கு ஒண்டும் ஏறயில்லை."

யாகப்பர் கதிரையில் நெளிந்தார். தேத்தண்ணி கொண்டுவந்த லூர்தம்மாதான் பேசினாள்.

"இவர் கடலுக்குப் போறதுக்கு முதல் ஒரு வாய் சாப்பிட்டு நான் கண்டதில்லை. நித்திரையில பல்லைக் கடிப்பார். இருபத்தெட்டு வருசமாக் கேக்கிறன். இதுக்குத் துப்பிப் பாக்க வேணுமே?"

"உனக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்?"

யாகப்பர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், எஞ்சினை நிறுத்தியது வரைக்கும். டொக்டருடைய முகம் மாறியது.

"பிழை என்ரை, ஐயா. நான் குனிஞ்சிருந்திருக்கக் கூடாது. ஏன் அப்பவே சொல்லயில்லை?"

"கஷ்டமில்லாத ஆள் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

மூவரும் சிரித்தார்கள். லூர்தம்மா சிரித்த பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த வருடம் கிருஷிகா அதே வழியை இன்னும் வேகமாக நீந்த வந்தாள். இந்தத் தடவை யாகப்பர் முன்கூட்டியே நிபந்தனை போட்டார்: அவளைப் பார்த்துக்கொண்டே இருக்க மட்டும் ஓராள் தனியாக வேண்டும். மைத்துனர் கிறகரி படகில் ஏறினார். கரையில் கிருஷிகா பழையபடி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். யாகப்பர் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"பயமோ பிள்ளை?"

"ஓம் அங்கிள்."

"எனக்கும்தான்," என்றார். வாழ்க்கையில் முதல் தரம் சொன்ன வார்த்தை. சொல்லிவிட்டு யாராவது கேட்டார்களா என்று அக்கம்பக்கம் பார்த்தார். கிறகரி கேட்டுவிட்டார். இன்றிரவுக்குள் பேசாலை முழுக்கக் கேட்கும். கேட்கட்டும் என்று யாகப்பர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படகைத் தள்ளினார்.