பொட்டலத்தில் விட்டுப்போன குரல்

எங்கள் அலுவலகத்தில் அவளைப் பொட்டலம் என்றுதான் கூப்பிடுவோம். பேச்சு இழந்தவர்களுக்காக ஒரு மென்பொருள் செய்கிறோம். தட்டுவதை அது வாய்விட்டுச் சொல்லும். கைபேசிக்கு ஒன்று, புதுக் கணினிக்கு ஒன்று, பழைய கணினிக்கு ஒன்று என்று அதைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அனுப்புவது அவள் வேலை. பக்கத்து மேசையில் தொலைபேசி எடுத்துத் திட்டு வாங்குவது என் வேலை.

அவளுக்கு அது வெறும் பிழைப்பு இல்லை. தொண்டையில் ஆபரேஷன் செய்ததில் அவள் அப்பாவுக்குக் குரல் போய்விட்டது. நெஞ்சும் பலவீனம், படுத்த படுக்கை. அம்மாவுக்குக் கண் தெரியாது. அவர் எழுதிக் காட்டிப் புண்ணியமில்லை. கட்டிலோரத்துப் பழைய கணினி பேசினால்தான் அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு. சண்டையும் அதன் வழியாகத்தான்.

"வாய் போயும் வாய்த்துடுக்கு போகல. சத்தத்தக் கூட்டி வச்சுக்கிட்டுத் திட்டுறாரு" என்பாளாம் அம்மா.

ஒவ்வொரு பொட்டலத்தையும் கட்டியதும் ஒன்றுமில்லாத வெறும் கணினியில் ஏற்றி, 'சாப்டாச்சா' என்று பேசவைத்துக் காதால் கேட்பாள். அப்புறம்தான் அனுப்புவாள். கணினி ஒன்று மாற்றி ஒன்றாக அப்படிக் கேட்கும்போது, "இன்னும் இல்லம்மா" என்று எவனாவது பதில் சொல்வான்.

புது மேனேஜர் வந்தார். இந்தக் கைவேலையெல்லாம் ஒழிய வேண்டும், ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாப் பொட்டலமும் தானாக வர வேண்டும் என்றார். அதையும் அவளேதான் எழுதி முடித்தாள். பொய் சொல்லக் கூடாது, நல்ல ஏற்பாடுதான். நாள்கணக்கில் இழுத்த வேலை ஒரு தேநீர் குடிப்பதற்குள் முடிந்தது. பொழுதோடு வீட்டுக்குப் போய் அப்பாவைப் பார்த்துக்கொள்ள முடிகிறதே என்று அவளுக்கும் சந்தோஷம்.

ஒன்றை மட்டும் கேட்டாள். "சார், கடைசியா ஒரு தடவ காதால கேட்டுட்டு அனுப்பலாமே."

"சோதனைய மெஷினே பண்ணுது. பச்சை விழுந்தா அனுப்ப வேண்டியதுதான். நடுவுல நீ எதுக்கும்மா?"

அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் இருக்கைக்குத் திரும்பினாள்.

ஒரு நாள் காலை வந்து உட்கார்ந்ததும் தொலைபேசி ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே புகார்: பழைய கணினி பேச மாட்டேன் என்கிறது. அவளிடம் ஓடினேன். முந்தின மாலை பழைய கணினிகளுக்கு அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே, தட்டுவதைப் பேசும் குரலையே காணோம். சோதனை நடந்த கணினியில் எப்போதோ ஏற்றிய குரல் கிடந்திருக்கிறது. அதை எடுத்துப் பேசிவிட்டுப் பச்சை காட்டியிருக்கிறது. வீடுகளிலோ, புதுப் பொட்டலம் தானாக இறங்கி, பழைய குரலையும் துடைத்துவிட்டு ஊமையாக உட்கார்ந்துகொண்டது.

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. வீட்டுக்குப் பேசினாள். பக்கத்தில் நின்ற எனக்கும் அம்மாவின் குரல் கேட்டது.

"நேத்து ராத்திரி லேசா சண்டைடி. காலைல தட்டிக்கிட்டே இருந்தாரு, ஒரு வார்த்த பேசல. கட்டில வேற தட்டுனாரு. இவ்வளவு கோவம் ஆகாதுன்னுட்டு அடுப்படிக்கு வந்துட்டேன். இப்ப சத்தமில்ல, தூங்கிட்டாரு போல."

அப்பாவைப் போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, குரலை வைத்து அவசரமாக ஒரு பொட்டலம் கட்டி எல்லோருக்கும் அனுப்பினாள். ஒரு வண்டியைப் பிடித்து அவளை ஏற்றிக்கொண்டு போனேன். நாங்கள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

கணினி ஊமையாகிப்போனதை அவள் சொன்னாள். அம்மா அழவில்லை. கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கிட்ட என்னமோ தட்டுனாரே, அதப் போடு."

"வேணாம்மா."

"எங்கிட்ட சொன்னதுடி அது. போடு."

திரையில் இருந்ததை நான் படித்துவிட்டேன். கணினியின் வயரைப் பிடுங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவள் நல்ல பொட்டலத்தை ஏற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். கணினி தெளிவாகப் பேசியது.

"மூச்சு முட்டுது. கொஞ்சம் ஜன்னலைத் திற. கோவமெல்லாம் இல்ல. ஜன்னலைத் திற. ஜன்னலைத் திற."

அம்மா எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டே போய் ஜன்னலைத் திறந்தாள்.