அப்பா போட்ட நிக்கர்

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் போன வாரம் வரை ஒரு காக்கி நிக்கர் கிடந்தது. பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தைத்தது. அதை ஒரே ஒரு நாள் போட்டவர் என் அப்பா. அன்று அவருக்கு முப்பத்தாறு வயது.

அப்பாவின் உயரம் மூன்றரை அடி. எலும்பை வளரவிடாத மரபணுக் கோளாறு என்று பின்னாளில் திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னார். அதே கோளாறுதான் எனக்கும். ஊருக்கு அந்தப் பெயரெல்லாம் வேண்டியிருக்கவில்லை. குள்ளன் என்ற சொல்லே போதுமாயிருந்தது.

திருவிதாங்கூரில் இருந்த எங்கள் பாறசாலைப் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலங்கள் நடந்த காலம். எங்கள் ஊர் ஊர்வலத்துக்குப் பெரியப்பாதான் தலைவர். முன்வரிசையில் பிள்ளைகள் நின்றால் போலீஸ் தடியை ஓங்காது என்று யோசனை சொன்னார். சொன்ன கையோடு தன் மகனை அறைக்குள் விட்டுப் பூட்டினார். ஊரில் வேறு யாரும் தன் பிள்ளையை அனுப்பவில்லை. பிறகு எல்லார் கண்ணும் அப்பா மேல் விழுந்தது.

"வேட்டி கட்டிக் கொடி பிடிக்கேன் அண்ணா," என்றார் அப்பா. ஊரோடு ஒரு ஆம்பிளையாக நடக்க வேண்டும், அவர் ஆசை அவ்வளவுதான்.

"வேட்டி கட்டினா உனக்க வயசு தெரிஞ்சு போவுமே, எலே. மீசைய எடு," என்றார் பெரியப்பா.

அவர் மகனின் நிக்கர் வந்தது. இடுப்பில் பொத்தான் சேரவில்லை, கயிறு கட்டினார்கள். கால் பக்கம் நீண்டு தொங்கியது; அம்மா அழுதுகொண்டே மடித்துத் தைத்தாள். சுற்றி நின்று சிரித்தவர்களின் முகங்கள் ஏழு வயதில் என் மனதில் பதிந்தவை. அவற்றை மறக்க நான் முயன்றதே இல்லை.

போலீஸ் தடியை ஓங்கத்தான் செய்தது. மற்றவர்களுக்குத் தொடையில் விழுந்த அடி அப்பாவுக்குக் காதில் விழுந்தது. முதலில் ஓடியவர் பெரியப்பா. அப்பாவுக்கு அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் கேரளத்துப் பக்கமே நின்றுபோயிற்று. அப்பா மீசையை மறுபடி வளர்த்தார். நிக்கரைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை.

போன வாரம் பெரியப்பா மகன், என் அண்ணன், வந்தார். போராட்ட நினைவு ஊர்வலமாம். "நீ முன்னால நிக்கணும் மக்கா. அப்பனப் போலயே இருக்க. பாக்க நல்லா இருக்கும்."

பெட்டியைத் திறந்தேன். அம்மாவின் தையலைக் கத்தரியால் பிரித்தேன். நிக்கரின் கால் பழைய நீளத்துக்கு இறங்கியது. அதை அவர் மடியில் வைத்தேன்.

"இது உமக்க நிக்கராக்கும் அண்ணா. உமக்க பேரனுக்கு அளவு பாகமா இருக்கும். அவன முன்னால நிறுத்தும். நான் வேட்டி கட்டிப் பின்னால வாறேன்."