நோர்வேயில் ஒரு கறுத்தக்கொழும்பான்

நோர்வேயில், ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க உள்ளே ஒரு மாமரம் நிற்கிறது. மரம் என்று நான் சொல்வது மரியாதைக்காக. என் இடுப்பு உயரம்தான் இருக்கும். அக்கா வீட்டில் அதற்குப் பெயர் ‘பிள்ளை’.

ஆறு வருடங்களுக்கு முன் அக்கா சாவகச்சேரிக்கு வந்துபோன போது, எங்கள் வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் ஒரு பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கழுவி, கைலேஞ்சியில் சுற்றி எடுத்துப் போனாள். சுங்கத்தில் என்ன சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை. சகோதர பாசம் என்பது சில விஷயங்களை விசாரிக்காமல் விடுவதும்தான்.

கோடையில் பிள்ளை பல்கனியில் நிற்கும். அதை நட்ட சாடிக்கு அடியில் சில்லுப் பூட்டிய பலகை. குளிர் தொடங்கியதும் உள்ளே உருட்டிவந்து, ஒரு விளக்கின் கீழ் நிறுத்திவிடுவார்கள். பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊரில் அதற்குச் சூரியன் அந்த விளக்குத்தான்.

இந்தப் பிள்ளைக்கு வைத்தியர் நான். என் தகுதி, தாய்மரம் என் வளவில் நிற்கிறது என்பது மட்டுமே. நான் வாசித்த புத்தகங்களில் மாமரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் குயில் இருந்ததே ஒழியப் பசளை இருக்கவில்லை.

அந்த ஒரே தகுதியிலும் ஒரு சின்னக் குறை இருந்தது. தாய்மரத்தை நான் நாலு வருடத்துக்கு முன்பே தறித்துவிட்டேன்.

பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். அதை நிறுத்த ஒரு கொட்டகை போட வேண்டும். மரம் சரியாக அந்த இடத்தில் நின்றது.

“மச்சாளைக் கேட்டனீங்களோ?” என்றாள் மனைவி, அக்காவை நினைத்து.

“பிறகு ஆறுதலாச் சொல்லுவம்” என்றேன்.

கொட்டகை வந்தது. கார் பெரும்பாலும் கராஜில்தான் நிற்கிறது. அதைத் திருத்துகிறவருடைய கராஜில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீடியோவில் வருவாள். கதை முடியும் நேரம் சொல்லுவாள்: “டேய், பிள்ளைக்குத் தாயைக் காட்டு.” சொல்லிவிட்டுப் போனைச் சாடிப் பக்கம் திருப்புவாள். நான் பின்வளவுக்கு நடந்து, பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் தெரியும் வெள்ளைக்கொழும்பான் மாமரத்தைக் காட்டுவேன். கீழே இறக்கினால் மதில் தெரிந்துவிடும் என்பதால், எப்போதும் உச்சிக் கொப்புகள் மட்டும்.

“ஏன்ரா எந்த நாளும் உச்சியையே காட்டுறாய்?”

“அங்கைதான் அக்கா நல்ல வெளிச்சம்.”

மனைவி குசினி யன்னலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். “உந்தப் பொய்க்குப் போட்ட பசளையை ஒரு மாங்கண்டுக்குப் போட்டிருந்தால், இப்ப காய்ச்சிருக்கும்.”

போன மார்கழியில் பிள்ளை இலை கொட்டத் தொடங்கியது.

“தண்ணி காணாது” என்றேன் வைத்தியர் குரலில். “காலமையும் பின்னேரமும் வடிவா ஊத்து.”

அக்கா ஊற்றினாள். இன்னும் கொட்டியது. இன்னும் ஊற்றச் சொன்னேன். அப்போது இங்கே நல்ல மாரி. என் வளவில் எந்த மரத்துக்கும் நான் வாளியைத் தொட்டதே இல்லை. குளிர்காலத்தில் சாடி மரம் அரை நித்திரையில் இருக்கும், அதற்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படாது என்பதைப் பிறகுதான் தேடி வாசித்தேன். தையில் சாடி மண் நாறத் தொடங்கியது. அக்கா போனைக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினாள். வெறும் தடி. ஓர் இலை இல்லை.

“சரி தம்பி, அது முடிஞ்சுது. நாளைக்குச் சாடியைக் குப்பையில போடப் போறன்.”

“கொஞ்ச நாள் பொறுத்துப் பாரன் அக்கா.”

“இனி என்னத்தைப் பொறுக்கிறது? தாய் நிக்குதுதானே. வைகாசியில பழுக்க, இங்காலை வாற ஆரிட்டையும் ஒரு கொட்டை குடுத்துவிடு. திருப்பி நடுறன்.”

அவள் அழவில்லை. என் பொய்யின் மேல் சாய்ந்துகொண்டு ஆறுதலாக இருந்தாள். அந்த மரத்தில் உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தத் தடி ஒன்றுதான் என்பதும், அது நாளைக்குக் குப்பைக்குப் போகிறது என்பதும் அவளுக்குத் தெரியாது. வைகாசியில் ஒரு வெள்ளைக்கொழும்பான் கொட்டையை அனுப்பிச் சமாளிக்கலாம் என்ற யோசனை எனக்கு வராமல் இல்லை. நான் அவ்வளவு நல்லவன் அல்ல.

“அக்கா, அதை எறியாதை. தாய் இல்லை.”

“என்ன?”

“தறிச்சுப்போட்டன். கார்க் கொட்டகை போட. நாலு வருசமாச்சு.”

திரையில் அவள் முகம் அப்படியே நின்றது. இணைப்புத்தான் இறுகிவிட்டதோ என்று பார்த்தேன். அவளுக்குப் பின்னால், சுவர் மணிக்கூட்டின் முள்ளு ஓடிக்கொண்டிருந்தது.

“அப்ப நீ காட்டினது?”

“பக்கத்து வீட்டுக்காரற்றை. வெள்ளைக்கொழும்பான்.”

“நாலு வருசமா என்ரை பிள்ளைக்கு ஆற்றையோ தாயைக் காட்டியிருக்கிறாய்.”

அக்கா போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டு, சாடிக்குக் கிட்டக் குனிந்து, தடியின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டினாள். உள்ளே, விரல் நுனி அளவுக்குப் பச்சை.

“உயிர் கிடக்கு” என்றாள். என்னிடம் அல்ல.

“இனித் தண்ணி...” என்று நான் வாயெடுத்தேன். அழைப்பு அறுந்தது.

அதன் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் வந்து போயின. நான் அழைத்தால் அக்கா பதில் தருவதில்லை. மனைவியோடு மட்டும் கதைப்பாள். அழுகின வேரையெல்லாம் வெட்டிவிட்டு, மணல் கலந்த புது மண்ணில் மாற்றி வைத்திருக்கிறாளாம்.

“என்னைப் பற்றி ஏதும் கேட்டவவோ?”

“ஓம். கார் எப்பிடி ஓடுது எண்டு கேட்டவ.”

பங்குனியில் ஒரு நாள், கராஜில் காருக்காகக் காத்திருந்தபோது போன் கிணுகிணுத்தது. அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். தடியின் உச்சியில் இரண்டு இலை, செம்பு நிறத்தில், இன்னும் நிமிரத் தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே ஒரு வரி:

“நீ சொன்ன ஒண்டையும் செய்யேல்லை.”