சூடானால் இறுகும் பிரேக்

என் அண்ணனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிடுவது நின்றுகொண்டு, பல் தேய்ப்பது நடந்துகொண்டு. அவன் வேலை பார்க்கிற கார் ஒர்க்‌ஷாப்பில் அவனுக்குப் பம்பரம் என்று பெயர். ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போதே அடுத்த வண்டிக்காரரிடம் என்ன கோளாறு என்று கேட்டுக்கொண்டிருப்பான். கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் வெளியார் வண்டிக்கு. தங்கை வண்டி என்றால் காலை ஆறு மணிக்கு, வேலைக்குப் போகிற வழியில், ஐந்து நிமிடம்.

நான் கார் ஓட்டிப் பிழைக்கிறவள். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவேன். நடுவில் கிடைக்கிற சவாரிக்குப் போவேன். ஒரு மாதமாகவே சாயங்காலமானால் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். மறுநாள் காலையில் ஒன்றும் தெரியாததுபோல் மெத்தென்று இறங்கும்.

"அண்ணா, சாயங்காலம் பிரேக் கட்டை மாதிரி ஆயிடுது" என்றேன்.

மறுநாள் ஆறு மணிக்கு வந்தான். எஞ்சினைக் கிளப்பாமலே பெடலை நாலைந்து தரம் மிதித்தான். அது இறுகியதும் காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஓடியதும் பெடல் லேசாகக் கீழே இறங்கியது.

"பாத்தியா? நம்ம மிதிக்கிற மிதிக்கு பலம் சேக்கிறது பூஸ்டர். அது கெட்டிருந்தா இப்படி இறங்காது. வண்டி நல்லாத்தான் இருக்கு, நீ செருப்பை மாத்து."

இரண்டாம் தடவை சொன்னபோது, ஒழுங்காகச் சாப்பிட்டால் காலில் தெம்பு வரும் என்றான். மூன்றாம் தடவை, என் வாயை அடைக்க, புது பிரேக் பேட் மாட்டிவிட்டு ஓடினான்.

அந்த வாரமே, புதன்கிழமை சாயங்காலம், பிள்ளைகளைக் கூட்டி வரும்போது மேம்பாலத்து இறக்கத்தில் முன்னால் ஒரு சைக்கிள்காரர். மிதித்தேன், இறங்கவில்லை. இரண்டு கால்களையும் பெடல்மேல் வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கையைவிட்டு எழுந்தே விட்டேன். சைக்கிளுக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது. பின்னாலிருந்து மூவரில் கடைக்குட்டி கேட்டாள்: "ஆன்ட்டி, ஏன் எந்திரிச்சு நிக்கிறீங்க?"

வீட்டுக்குப் போனதும் அவள் அதை நடித்தே காட்டியிருக்கிறாள். மறுநாள் அவள் அம்மா என் வீட்டு வாசலில் நின்றாள். "தப்பா நினைக்காதீங்க. பொம்பளைங்களுக்கு அவசரத்துல கால் தடுமாறத்தான் செய்யும். திங்கட்கிழமையில இருந்து மூணு பேருக்கும் வேற வண்டி பாத்துருக்கோம்." சொன்னவளும் பொம்பளைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உள்ளே ஒரு சந்தேகம் புகுந்துகொண்டது. நிஜமாகவே என் கால்தானோ? பாத்திரம் கழுவும்போதுகூட வலது காலைத் தரையில் அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.

சனிக்கிழமை மதியம், எரிகிற வெயிலில், நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் நடந்ததையெல்லாம் சொல்லி அவனை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தேன்.

"ஓட்டு. நான் சொல்ற வரைக்கும் இறங்கக் கூடாது."

"மூணு வண்டி காத்துக் கிடக்கு!"

"கிடக்கட்டும்."

பத்து நிமிடத்தில் பெருமூச்சு விட்டான். இருபதாவது நிமிடத்தில் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். "வெண்ணெய் மாதிரி இறங்குது. போதும், விடு." நான் நெரிசலான ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். முக்கால் மணி நேரம் நெரிசலில் ஊர்ந்து, எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, அதே இறக்கத்துக்கு வந்தோம். முன்னால் லாரி. மிதித்தான். அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஓரங்கட்டினான்.

எஞ்சின் ஓட ஓடவே பானெட்டைத் திறந்து, பூஸ்டரிலிருந்து ஒரு ரப்பர் குழாயைப் பிடுங்கினான்.

"எஞ்சின் இது வழியா காத்தை உறிஞ்சினாத்தான் பூஸ்டர் வேலை செய்யும். இப்படிக் கழட்டினா எஞ்சின் திணறணும்."

எஞ்சின் திணறவில்லை, அதுபாட்டுக்கு ஓடியது. குழாய் வாயில் விரலை வைத்தான், உறிஞ்சவில்லை. மறுமுனையையும் பிடுங்கியதும் எஞ்சின் திக்கித் திணறி அணைந்தது. கத்தியால் குழாயைக் கிழித்தான். உள்பக்கம் ரப்பர் தோலுரிந்து தொங்கியது. ஆறியிருக்கும்போது விறைப்பாக நின்று வழி விடும். சூடானால் இளகி, உறிஞ்சுகிற வேகத்தில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். காலை ஆறு மணிக்கு எத்தனை வருடம் பார்த்தாலும் இது அகப்படாது.

"சாயங்காலம்னு மூணு தரம் சொன்னேனே. உன் கடைக்கு வர்ற ஆம்பளை ஒருத்தர் சொல்லியிருந்தா?"

"கூட உக்காந்து ஓட்டிப் பாத்திருப்பேன்" என்றான். பொய் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

ஓடிப்போய்ப் புதுக் குழாய் வாங்கி வந்து மாட்டினான். அதே சூட்டில் அதே இறக்கத்தில் நாலு முறை இறங்கிப் பார்த்தான். பிறகு, நான் கேட்காமலே, வண்டியைக் கடைக்குட்டி வீட்டு வாசலுக்கு விட்டான். கையில் அந்தக் கிழிந்த குழாய்.

"பிரேக் பிடிக்காம போனது என்னால. இவ சொல்லச் சொல்ல நான் கேக்கல" என்றான் அந்த அம்மாவிடம். "அந்த பிரேக்கை மிதிச்சு என்னாலயே நிறுத்த முடியல. இவ நிறுத்தியிருக்கா."

அந்த அம்மா குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மற்ற இரண்டு வீட்டிலும் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். பிள்ளைகள் திரும்பி வருவார்களா என்பது அப்போது என் மனதிலேயே இல்லை. பிறந்ததிலிருந்து அவன் என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை, இன்றைக்கும் அதை யாரோ ஒருத்தியிடம்தான் சொன்னான். காரின் மறுபக்கம் போய் நின்று, வாய்க்குள்ளேயே அவனைத் திட்டிக்கொண்டு அழுதேன்.