அரியலூர் சுரங்க அலுவலகத்தில் ஒரு சிவப்பு விளக்கு

பள்ளிச் சுற்றுலா என்றால் எங்கள் ஈரோட்டுப் பக்கம் ஊட்டி, ஒகேனக்கல் தாண்டி யாரும் யோசிப்பதில்லை. நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுப்பவள். 2006 ஜூனில் எங்கள் பள்ளிக்குப் புதிதாகக் கணினிகள் வந்து இறங்கின. முதல் வாரமே பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி, "இதுல டைப் அடிக்கறதத் தவிர வேற என்ன மிஸ் பண்ணலாம்?" என்று கேட்டாள். நானும் பதில் சொன்னேன். ஆனால் அது புத்தகத்தில் இருந்த பதில். வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. கணினி நிஜமாக வேலை செய்கிற ஓர் இடத்தை இந்தப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

என் கணவரின் நண்பர் மூலம் அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு முன்னால் ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஜூலையில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன். ஈரோட்டிலிருந்து திருச்சி நூற்று நாற்பது கிலோமீட்டர். காலை ரயிலில் போனால் மதியச் சாப்பாட்டுக்குத் திருச்சியில் இருக்கலாம். அங்கிருந்து பெரம்பலூர் அறுபது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அரியலூருக்கு நேராகவே ரயில் உண்டு. ரஞ்சன்குடி கோட்டையையும் பார்க்கிற ஆசையில் நான் பெரம்பலூரில் தங்கினேன். கோட்டை பதினேழு கிலோமீட்டர் வடக்கே, சென்னை நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. நாலு வழிச் சாலை வேலை நடப்பதால் பஸ் ஆமை வேகம்தான். மாலை வெயிலில் அந்தக் கற்சுவர்களைப் பார்ப்பதற்காக அந்தப் புழுதியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பெரம்பலூர் பஸ் நிலையத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கணினி மையங்களின் பலகைகள். பொறியியல் கலந்தாய்வு நடக்கிற சமயம். எந்தக் கல்லூரியில் இடம் மீதி இருக்கிறது என்று பார்க்க ஒரு பிரவுசிங் சென்டர் வாசலில் கூட்டம். வயலிலிருந்து நேராக வந்த மாதிரி துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒருவர், மகளுக்குப் பின்னால் நின்று திரையையே கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னைக்குப் போய் நாள் முழுக்க நின்று தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், ஊர் பஸ் நிலையத்திலேயே கிடைத்துவிடுகிறது. டீக்கடையில் டீ ஆறுகிற வரைக்கும் நானும் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தேன்.

மறுநாள் காலை வாடகைக் கார். நாள் வாடகை எண்ணூறு ரூபாய், டீசல் உட்பட. ஓட்டுநர் பெயர் செல்வராஜ், ஐம்பதை நெருங்குகிறவர். வண்டியை எடுக்காமல் தயங்கி நின்றார். தன் மகளுக்கும் அன்று அதே ஆலையில் வேலைக்கான தேர்வு இருப்பதாகவும், நான் சம்மதித்தால் அவளையும் ஏற்றிக்கொள்வதாகவும் சொன்னார். இதில் என்ன இருக்கிறது, வரட்டும் என்றேன்.

"அவளுக்குக் காது கேக்காதுங்க டீச்சர். பேச்சும் வராது. முன்னாடியே சொல்லிடறேன்" என்றார்.

மலர்விழி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபது வயது, மஞ்சள் சுடிதார். கையில் செல்போன். எதிர்வீட்டுக்காரருக்கு வைப்பது போல எனக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு, கட்டைவிரலால் ஏதோ தட்டி போனை என்னிடம் நீட்டினாள். ஆங்கில எழுத்தில் தமிழ். 'நீங்கள் பேசப் பேச நான் தலையாட்டுவேன் என்று நினைக்காதீர்கள். டைப் அடியுங்கள்.' நான் சிரித்துவிட்டேன். அரியலூர் வரை முப்பது கிலோமீட்டரும் அந்தப் போன் எங்கள் இருவர் கையிலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. தஞ்சாவூரில் காது கேளாதோர் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பிறகு பெரம்பலூரில் ஒரு மையத்தில் கணினியில் வரைபடம் போடக் கற்றிருக்கிறாள். மாஸ்டர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் அவளுக்கு ஒன்றும் புரியாதாம். பாடத்தைத் திரையில் படிப்படியாகக் காட்டுகிற சிடியைப் போட்டு, மற்றவர்களுக்கு முன்பே முடித்துவிட்டாளாம்.

வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது செல்வராஜ் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வூட்டுல சாப்பாடு, தண்ணி, தூக்கம், இதுக்கெல்லாம் கையால சாடை வச்சிருந்தோமுங்க. அதுக்கு மேல அவளுக்குப் பேச ஒண்ணும் இல்லன்னு நெனச்சுட்டேன். இந்த செல்லு வந்தப்புறம்தான் எம்மவ எவ்வளவு பேசுவான்னு எனக்குத் தெரிஞ்சுது." எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் அவருக்குத் தெரியும். மகளுக்காகவே ஆங்கில எழுத்துகளைப் பழகிக்கொண்டாராம்.

ஆலையில் முதலில் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனார்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிற சூளைக்குள் வெப்பம் ஆயிரத்து நானூறு டிகிரிக்கு மேல். முன்பெல்லாம் நீலக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, தீயின் நிறத்தைக் கொண்டு முடிவு செய்வார்களாம். இப்போது உள்ளே ஒரு கேமரா. குளிரூட்டிய அறையில் திரைகளுக்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்து முழு ஆலையையும் ஓட்டுகிறார்கள். எங்கோ ஒரு மோட்டார் சூடானால் இங்கே ஒரு கட்டம் மஞ்சளாகிறது. கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர் ஜமால் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். வெப்பம் பற்றி இருபது வருடமாகப் பாடம் நடத்துகிற நான், அந்தத் தீயைத் திரையில் பார்த்ததும் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அங்கிருந்து ஜமாலும் என்னோடு சுரங்க அலுவலகத்துக்கு வந்தார். சுண்ணாம்புக்கல் வெட்டும் குழியின் விளிம்பில் உள்ள சின்னக் கட்டடம் அது. மலர்விழியின் தேர்வு அங்கேதான் நடந்துகொண்டிருந்தது. நில அளவைக் கருவி குழியில் எடுத்துவந்த ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கொடுத்து, குழியின் படத்தைப் போடச் சொல்லியிருந்தார் சுரங்க மேலாளர். நாங்கள் போனபோது, படிக்கட்டு வைத்த பெரிய கிண்ணம் போல அந்தக் குழி திரையில் சுழன்றுகொண்டிருந்தது. ஜன்னல் வழியே நிஜக் குழியைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். ஒரு படியைக்கூட அவள் விடவில்லை.

மேலாளருக்கும் திருப்திதான். ஆனால் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "பொண்ணோட வேலையில ஒரு குறையும் இல்லைங்க. ஆனா தினம் மத்தியானம் குழியில வெடி வைக்கிறோம். சைரன் அடிச்சா எல்லாரும் ஷெல்ட்டருக்குப் போயிடணும். இவங்களுக்கு அது கேக்காதே. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவங்க அப்பா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த செல்வராஜ் உள்ளே வந்து மகளுக்கு அதைத் தட்டிக் காட்டினார். அவள் தன் போனைத் தூக்கிக் காட்டினாள்: குறுஞ்செய்தி அனுப்பினால் அதிருமே. மேலாளர் உடனே தன் போனிலிருந்து ஒரு செய்தி அனுப்பினார். மேசை மேல் வைத்திருந்த அவள் போனை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அது அசையவே இல்லை. அந்தக் குழிப் பக்கம் சிக்னல் அப்படி. டீ வந்து, குடித்து, டம்ளர்களை எடுத்துப்போன பிறகுதான் அது ஒருமுறை அதிர்ந்தது. செல்வராஜ் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மலர்விழி மட்டும் எழுந்திருக்கவில்லை. நாற்காலியைக் கணினிப் பக்கம் இழுத்துப்போட்டு, வரைபடத்தின் மேலேயே பெரிய எழுத்தில் அடித்தாள்: 'எங்கள் பள்ளியில் மணி அடிக்காது. விளக்கு எரியும். எல்லோரும் வகுப்பு மாறுவோம்.'

ஜமால்தான் முதலில் பேசினார். "சைரனே இப்ப நம்ம கம்ப்யூட்டர் வழியாத்தான் அடிக்குது சார். அதுலேந்தே இந்த ரூமுக்கு ஒரு வயரை இழுத்து லைட்டு போட்டுட்டா, ரெண்டும் ஒண்ணாவே வரும். செல்லு மாதிரி லேட்டாவாது."

மேலாளர் ஜன்னல் பக்கம் போய் நின்று யோசித்தார். பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்க வேண்டும், போட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது கீழப்பழுவூர் கோயிலுக்குப் போனோம். அரியலூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான், கட்டாயம் பாருங்கள். பழைய சோழர் காலக் கோயில், கூட்டமே இல்லை. செல்வராஜ் உள்ளே வரவில்லை. "அப்புறம் சொல்றோம்னா இல்லன்னுதானுங்க அர்த்தம்" என்று காரிலேயே உட்கார்ந்துவிட்டார். மலர்விழி பிரகாரத்தைச் சுற்றி வந்து எனக்குத் தட்டினாள்: 'அப்பா முகத்தைப் பாருங்கள். காரை யாரோ திருடிக்கொண்டு போன மாதிரி.' அவளுக்குக் கவலை இல்லாமல் இல்லை. வாங்கிய விபூதியை நெற்றியில் வைக்க மறந்து போனையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து, இடைவேளையில் அவள் செய்தி வந்தது. விளக்கு போட்டாகிவிட்டது, திங்கட்கிழமை முதல் வேலை. நான் வாழ்த்தைத் தட்டி முடிப்பதற்குள் செல்வராஜின் அழைப்பு. "அவ சொல்லிட்டாளாங்க டீச்சர்? நாந்தான் மொதல்ல சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

செப்டம்பரில் பிள்ளைகளோடு போனேன். நாங்கள் சுரங்க அலுவலகத்தில் இருந்தபோதே சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஏசி சத்தத்தில் எனக்குச் சைரன் சரியாகக் காதில் விழவில்லை. மலர்விழி எழுந்து, கதவைத் திறந்து வைத்து, என் பிள்ளைகளை வரிசையாக ஷெல்ட்டருக்கு அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் வந்தாள். வெடித்தபோது தரை லேசாக அதிர்ந்தது. அவள் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

கணினி மனிதர்களின் வேலையைப் பறித்துவிடும் என்று ஆசிரியர் அறையில் நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்வோம். அந்தப் பயம் பொய்யில்லை. அந்தச் சூளையைச் சுற்றி முன்பு எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று நானும் யோசித்தேன். ஆனால் வேலைக்கு வழியே இல்லாத ஒருத்திக்கு அதே கணினி ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்ததையும் நான் கண்ணால் பார்த்தேன். அன்று என்னிடம் கேள்வி கேட்ட மாணவி, திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரமாக உட்கார்ந்து ஊர் வரும்வரை எதையோ யோசித்துக்கொண்டே வந்தாள்.

போக நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். ஆலை அனுமதிக்கு ஒரு மாதம் முன்பே எழுதிவிடுங்கள். எல்லோரும் ஷூ போட்டு வரவேண்டும், செருப்போடு உள்ளே விட மாட்டார்கள். அரியலூரில் பெரிய குழுவுக்குச் சாப்பாடு வேண்டுமென்றால் முதல் நாளே ஓட்டலில் சொல்லி வையுங்கள். வெட்டிய கற்களில் பழங்காலக் கடல் சிப்பிகள் தெரியும், பார்க்கலாம், பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. சுரங்க அலுவலகத்தில் பிள்ளைகளுக்குக் கேள்வி இருந்தால் வரைபடக் கணினியில் உட்கார்ந்து டைப் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவராகக் கேட்கட்டும். அவர்கள் முதல் பதிலைப் படித்து முடிப்பதற்குள் மலர்விழி மூன்றாவது பதிலை அடித்து முடித்திருப்பாள்.